ஒரு பந்தோடு ஒரு பேஸ்பால் வீரரின் வாழ்க்கை முடிந்துவிடுமா?

ஏறக்குறைய முடிந்திருக்கிறது. ஆடம் கிரீன்பெர்க் அவுட்ஃபீல்டர், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்தைப் பிடிப்பவர். ஆனால் வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் ஆட்டத்தில் அவுட்ஃபீல்டில் ஒருமுறைகூட நின்றதில்லை. 2005 ஜூலை 9, மயாமி. சிகாகோ கப்ஸ் அணிக்கு மாற்று பேட்டராக இறங்கினார். முதல் பந்தே, மணிக்குச் சுமார் 148 கிலோமீட்டர் வேகத்தில், தலையின் பின்பக்கம் மோதியது. இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்தபடி விழுந்தார். அப்புறம் மாதக்கணக்கில் தலைச்சுற்றல், பார்வைக் கோளாறு, கீழ்நிலை லீக்குகளில் அலைச்சல். கணக்கேட்டில் தலையில் பட்ட அந்தப் பந்து, அதிகாரப்பூர்வ பேட்டிங் வாய்ப்பாகக்கூடச் (at-bat) சேராது. உடலில் பந்து பட்டால் விதி அப்படித்தான்.

2012 அக்டோபர் 2 அன்று மயாமி மார்லின்ஸ் அணி அவருக்கு ஒருநாள் ஒப்பந்தம் தந்தது. எதிரே, ஏறக்குறைய சுழற்சியே இல்லாமல் தடுமாறி வரும் நக்கிள்பால் வீசும் ஆர்.ஏ. டிக்கி. மூன்றே பந்து, அவுட். மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது.