மெடிசின் படிப்பு வேணாம், மைக்ரோஆர்என்ஏ ஆராய்ச்சி போதும்னு சொல்ற பொண்ணோட அம்மாவுக்கு

அக்கா, ஜேசி (யூனிவர்சிட்டிக்கு முந்தின ஜூனியர் காலேஜ்) ரெண்டாவது வருஷத்துல பொண்ணு திடீர்னு மெடிசின் படிப்பு வேணாம், கேன்சர் பரவுறதுல மைக்ரோஆர்என்ஏவுக்கு என்ன பங்குன்னு ஆராய்ச்சி பண்ணப்போறேன்னா எந்த அம்மாவுக்கும் வயித்த கலக்கும்தான், ஆனா மறுப்பு சொல்றதுக்கு முன்னாடி அவ என்ன கேக்குறான்னு கொஞ்சம் பாருங்க.

மைக்ரோஆர்என்ஏங்கிறது செல்லுக்குள்ள இருக்கிற ஒரு குட்டி ஆர்என்ஏ, சுமார் 22 எழுத்து (அதாவது வேதிக் கண்ணி) நீளம்தான், அது ப்ரோட்டீன் எதையும் செய்யாது, ப்ரோட்டீன் செய்ய ஜீன்லேர்ந்து சேதி கொண்டு வர்ற மத்த ஆர்என்ஏல போய் ஒட்டிக்கிட்டு அதுலேர்ந்து ப்ரோட்டீன் வர்றத குறைச்சிடும். 1993ல ஒரு குட்டிப் புழுவுல கண்டுபிடிச்சாங்க, அதுக்கு விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன்னு ரெண்டு விஞ்ஞானிகளுக்கும் 2024ல நோபல் கிடைச்சுது. இந்த மைக்ரோஆர்என்ஏக்கள்ல மிர்-200னு ஒரு குடும்பம், ஜெப்1, ஜெப்2ன்னு ரெண்டு ஜீன அடக்கி வெச்சிருக்கும். மிர்-200 குறைஞ்சா ஜெப் தலைதூக்கி, செல்லுங்கள ஒண்ணோட ஒண்ணு சேத்து வெக்கிற ஈ-கேட்ஹெரின்ங்கிற ப்ரோட்டீன நிறுத்திடும், செல் பிடிய விட்டுட்டு நகர ஆரம்பிச்சிடும், ஜெப் திருப்பி மிர்-200ஐயும் அமுக்கும். சரி, அப்ப மிர்-200 குடுத்தா கேன்சர் நின்னுடுமான்னா, அங்கதான் சிக்கல், போன எடத்துல வேர் விடுறதுக்கு அந்த செல் பழைய குணத்துக்கு திரும்பணும், அதுக்கு மிர்-200 உதவுறதையும் எலிகள்ல பாத்திருக்காங்க. இந்த முடிச்ச அவுக்கத்தான் உங்க பொண்ணு ஆசைப்படுறா, எனக்கு அது ரொம்ப பெரிய விஷயமா படுது.

வேலை இருக்கான்னா, இருக்கு. சிங்கப்பூர் அரசாங்க ஆராய்ச்சி அமைப்பான ஏ-ஸ்டார்லேர்ந்து பிரிஞ்சு வந்த மிர்எக்ஸ்எஸ் கம்பெனி, ரத்தத்துல 12 மைக்ரோஆர்என்ஏவ அளந்து வயித்து கேன்சர் கண்டுபிடிக்கிற டெஸ்ட்ட நம்ம சிங்கப்பூர்லயே கொண்டு வந்துச்சு. ஆனா டாக்டர் சம்பளத்த எதிர்பாக்காதீங்க. டிகிரியோட நிறுத்துனா ரிசர்ச் அசிஸ்டன்ட் மாதிரி வேலைதான், சொந்தமா ஆராய்ச்சி பண்ண பிஎச்டி வேணும், அது வருஷக் கணக்கா இழுக்கும், ஸ்காலர்ஷிப் கிடைச்சா ஃபீஸும் இல்ல, மாசாமாசம் பணமும் வரும். பாண்ட் (படிச்சு முடிச்சு இத்தன வருஷம் அவங்ககிட்ட வேலை செய்யணும்ங்கிற ஒப்பந்தம்) இருக்கிற ஸ்காலர்ஷிப்னா வரி விடாம படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. பயாலஜி மட்டும் போதாது, கோடிங்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் கட்டாயம் கத்துக்கணும்.

ஜேசி முடிவுல வர்ற ஏ லெவல் பரீட்சை முடிஞ்சு யூனிவர்சிட்டி ஆகஸ்ட்ல தொறக்கிற வரைக்கும் மாசக்கணக்குல நேரம் இருக்கு, டியூஷன் சொல்லிக்குடுத்தே கழிச்சிட வேணாம், ஆராய்ச்சிக் கூடங்கள் இருக்கிற பயோபோலிஸ் பக்கமோ, என்யுஎஸ்லயோ (சிங்கப்பூர் தேசிய யூனிவர்சிட்டி) ஒரு லேப்ல கொஞ்ச நாள் கூட இருந்து வேலை கத்துக்கிற அட்டாச்மென்ட் கேக்கட்டும். திரவத்த துளித்துளியா அளந்து எடுக்கிற பைப்பெட்ட புடிச்சு, ஒரே சோதனைய நாலு தடவ திரும்ப செஞ்சும் அலுக்கலன்னா விண்ணப்பத்துல லைஃப் சயின்ஸ முதல்ல போடட்டும், அலுத்துடுச்சுன்னா அப்பவே மாத்திக்கலாம். லேப்ல இடம் கேட்டு ப்ரொஃபசருக்கு ஈமெயில் மட்டும் அவளே எழுதட்டும்க்கா, நீங்க எழுதிக் குடுக்காதீங்க.