வேன் இரண்டு நாள் நின்றால் பேட்டரி ஏன் இறங்குகிறது? இறக்குமதி வண்டியில் நாமே செய்யக்கூடிய மின்சார வேலைகள்

கேள்வி: திருமங்கலத்தில் டூரிஸ்ட் வேன் வைத்திருக்கிறோம். டொயோட்டா கம்யூட்டர், டீசல். ராமேஸ்வரம், கொடைக்கானல் சவாரிதான் அதிகம். இரண்டு நாள் சும்மா நின்றால் மூன்றாம் நாள் செல்ஃப் எடுப்பதில்லை. ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. பின் ஏசி ப்ளோயர் முழு வேகத்தில் மட்டும்தான் ஓடுகிறது. இதோடு சீட்டுக்குச் சீட்டு யுஎஸ்பி சார்ஜர், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், ஹெட்லைட்டில் கூடுதல் வெளிச்சம் வேண்டும். ஓரளவு வயரிங் தெரியும். எதையெல்லாம் நாங்களே செய்யலாம்?

பதில்: முதலில் மூன்றாவது பேட்டரியை வாங்காமல் இருங்கள். உங்கள் வண்டியில் சாகிறது பேட்டரிதான், ஆனால் கொல்வது வேறு ஏதோ. அதைக் கண்டுபிடிக்காமல் யுஎஸ்பியும் ஃபிரிட்ஜும் சேர்த்தால் இரண்டு நாள் என்பது ஒரு நாளாகிவிடும்.

ஒரு மனக்கணக்கு போட்டுப் பாருங்கள். 70 ஆம்பியர் அவர் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். டீசல் எஞ்சினைச் சுழற்ற அதில் ஏறக்குறைய பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் 35, 38 ஆம்பியர் அவர் போயிருக்கிறது என்றால், சாவியை எடுத்த பிறகும் முக்கால் ஆம்பியர் அளவுக்கு எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள வண்டியில் இது 0.05 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. ஜிபிஎஸ் டிராக்கர் இருந்தால் சற்றுக் கூடலாம். முக்கால் ஆம்பியர் என்பது டிராக்கர் வேலை இல்லை. வெளியிலிருந்து மாட்டிய ஆம்ப்ளிஃபையர், பார்க்கிங் மோடில் விழித்திருக்கும் டேஷ்கேம், ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), டைனமோவில் பழுதான டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்), இந்த நான்கில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தேவையான கருவிகள் இரண்டுதான். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், முடிந்தால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர். டவுன்ஹால் ரோடு கடைகளில் கிளாம்ப் மீட்டர் கேட்கும்போது "டிசி ஆம்பியர் காட்டுமா" என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஏசி கரண்டை மட்டுமே அளக்கும், வண்டிக்கு அது உதவாது.

முதல் அளவு: இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் கதவைத் திறந்து சிறிது நேரம் விட்டு, பேட்டரி கம்பங்களில் வோல்ட் பாருங்கள். 12.6 இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.9-க்குக் கீழே என்றால் காலி. அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் இரண்டு ஏசியும் போட்டு அளந்தால் 13.8-லிருந்து 14.7 வரை வர வேண்டும். 13.5-க்குக் கீழே நின்றால் சார்ஜிங்கே சரியில்லை. பெல்ட், டைனமோ, எர்த் என்று வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கும்; வண்டி நிற்கும்போது ஓடும் அந்தக் கரண்டை, அதாவது கசிவைத் தேடும் வேலை அதற்குப் பிறகுதான்.

கசிவை அளக்கும்போது பலரும் செய்யும் தவறு, நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு நடுவில் மீட்டரைச் சொருகுவது. கழற்றிய நொடியில் கம்ப்யூட்டர் பெட்டிகள் எல்லாம் அணைந்து, மீட்டர் வைத்ததும் ஒரேயடியாக விழித்துக்கொள்ளும். எண் தவறாக வரும். சில சமயம் ஒட்டிய ரிலே தானாக விட்டுவிடும். கோளாறே காணாமல் போய் மறுநாள் திரும்ப வரும். அதனால் வரிசையை மாற்றுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, ஒரு முனையை நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை நெகட்டிவ் கிளாம்பிலும் முதலைக் கிளிப்பால் பிடித்த பிறகே கிளாம்பை மெல்லத் தூக்குங்கள். கரண்ட் அறுபடாமல் மீட்டர் வழியாகப் போகும். கதவுகளின் பூட்டு நாக்கை ஸ்குரூ டிரைவரால் மடக்கிவிட்டால், கதவு திறந்திருந்தாலும் வண்டி மூடியதாகவே நினைக்கும். அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். இந்த நேரத்தில் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. டீசல் வண்டியின் குளோ பிளக்குகள் மட்டுமே பத்து ஆம்பியரைத் தாண்டி இழுக்கும், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் எதையும் கழற்றவே வேண்டாம், வயரைச் சுற்றி மாட்டினால் போதும்.

எண் அதிகம் என்று தெரிந்ததும் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டாம். பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்ஜியம் வரும். 10 ஆம்பியர் ஃபியூஸின் தடை சுமார் 7 மில்லி ஓம், அதில் 0.7 மில்லிவோல்ட் காட்டினால் ஏறக்குறைய 0.1 ஆம்பியர் ஓடுகிறது. முக்கால் ஆம்பியர் என்றால் 5 மில்லிவோல்ட் வரும், கண்ணில் படாமல் போகாது. எந்தப் பெட்டியையும் எழுப்பாமல் ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை இது.

ஒரு ஃபியூஸிலும் எதுவும் வரவில்லையா? அப்படியானால் ஃபியூஸ் பெட்டிக்கு வராமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயர்களைப் பாருங்கள்: மியூசிக் சிஸ்டம், டேஷ்கேம், அலங்கார எல்இடி. ஆம்ப்ளிஃபையரின் ரிமோட் வயரை (அதை எழுப்பும் மெல்லிய வயர்) ஏசிசி-யில் (சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைன்) கொடுக்காமல் நேரடி பாசிட்டிவில் முறுக்கிவிடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கும். பாட்டு ஓடாது, ஆனால் ஆம்ப்ளிஃபையர் இரவெல்லாம் விழித்திருக்கும். அதுவும் இல்லை என்றால் டைனமோ. எஞ்சின் நிற்கும்போது அதன் தடித்த வயரில் கரண்டே ஓடக் கூடாது. ஓடினால் உள்ளே டயோடு போயிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏசி வோல்ட் அளந்தும் பார்க்கலாம். 0.1-க்குள் இருந்தால் நல்லது, அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடு சந்தேகம். மலிவு மீட்டர் இதில் 25 வோல்ட் என்று காட்டிப் பயமுறுத்தும். டிசி-யை வடிகட்டாமல் அளப்பதால் வரும் எண் அது, பொருட்படுத்த வேண்டாம்.

உங்கள் வண்டி 2கேடி எஞ்சின் என்றால் ஒரு சௌகரியம் உண்டு. நம் ஊரில் 2005 முதல் ஓடிய முதல் தலைமுறை இன்னோவாவும் அதே குடும்பம். டைனமோ, செல்ஃப் மோட்டார் மேல் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போய் ஒப்பிடுங்கள். எண் ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள், உருவம் ஒத்துப்போவதை நம்பாதீர்கள். பேட்டரியிலும் இதே கதை. 80டி26எல் என்பது போன்ற ஜப்பான் முறைக் குறியீட்டில் டி அகல உயர வகை, 26 என்பது சென்டிமீட்டரில் நீளம், கடைசி எழுத்து பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பது. எல், ஆர் மாறினால் வயர் எட்டாது. இழுத்து எட்டவைத்த வயர்தான் பின்னால் எங்காவது உரசித் தீப்பிடிக்கும்.

ராமேஸ்வரம் ஓடும் வண்டிக்கு எர்த் தனி அத்தியாயம். பாம்பன் காற்றின் உப்பு, எர்த் போல்ட்டின் அடியில் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்திருக்கும். மேலே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். மீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வைத்து, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறு முனை எஞ்சின் உலோகத்தில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் வயரைக் கழற்றி, அடிப்பரப்பை வயர் பிரஷ்ஷால் பளபளக்கும் உலோகம் வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். பாசிட்டிவ் பக்கமும் அதேபோல, கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரை, அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேட்டரி நல்லதாக இருந்தும் செல்ஃப் "டக்" என்று நின்றுவிடும் வண்டிகளில் பாதிக் கோளாறு இங்கேதான்.

பின் ஏசி ப்ளோயர்: மெதுவான வேகங்கள் போய் முழு வேகம் மட்டும் நிற்கிறது என்றால் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. புதிதாக மாட்டுவது எளிது, மறுபடி எரியாமல் பார்ப்பதுதான் வேலை. அந்த ரெசிஸ்டர் ப்ளோயரின் சொந்தக் காற்றால்தான் குளிர்கிறது. ஏசி காயிலில் தூசி அடைத்தாலோ, மோட்டார் புஷ் இறுகி அதிகக் கரண்ட் இழுத்தாலோ புதியதும் போகும். ஆகவே காயிலைக் கழுவுங்கள், மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள், பிளக் உருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். ரெசிஸ்டரில் உள்ள வெப்ப ஃபியூஸை வயர் போட்டு இணைக்கவே கூடாது.

இனி யுஎஸ்பி. இரட்டைத் துளை சார்ஜர் ஆறு, ஒவ்வொன்றும் 30 வாட் என்றால் 180 வாட். சார்ஜருக்குள் வீணாவதையும் சேர்த்தால் 16 ஆம்பியர் வரும். இதை சிகரெட் லைட்டர் வயரில் ஒட்டவைக்க முடியாது. பேட்டரியிலிருந்து தனி லைன் இழுங்கள். வேனின் பின்பகுதி வரை 5 மீட்டர், எர்த்துக்கும் தனி வயர் என்றால் மொத்தம் 10 மீட்டர். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். சார்ஜருக்கு வோல்ட் குறைந்தால் அது கரண்டைக் கூட்டி இழுக்கும், வயர் இன்னும் சூடாகும். 6 ஸ்கொயரில் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். வீட்டு வயரிங்குக்கு விற்பதை வாங்காதீர்கள்; அதன் உறை பொதுவாக 70 டிகிரிக்கானது. கம்யூட்டரில் முன் சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின் இருப்பதால் 105 டிகிரி தாங்கும் ஆட்டோ வயர்தான் பொருந்தும்.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 25 ஆம்பியர் ஃபியூஸ் வர வேண்டும். ஃபியூஸ் சார்ஜரைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. தள்ளி வைத்தால் இடைப்பட்ட வயருக்குக் காவலே இல்லை. அடுத்து 40 ஆம்பியர் ரிலே: 30-ல் ஃபியூஸிலிருந்து வரும் வயர், 87-ல் பின்னால் போகும் வயர், 85 எர்த், 86-க்கு ஏசிசி ஃபியூஸிலிருந்து மெல்லிய வயர். ரிலே காயிலுக்குக் குறுக்கே, 85-க்கும் 86-க்கும் நடுவில், 1என்4007 டயோடு ஒன்று, வெள்ளைக் கோடு 86 பக்கம். பின்னால் சிறிய ஃபியூஸ் பெட்டி, ஒவ்வொரு சார்ஜருக்கும் 5 ஆம்பியர். சாவியை எடுத்தால் எல்லாம் அணையும், கசிவும் சேராது.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது மதுரை வெயிலில் ஒரு கோடை தாங்காது. பசை இளகி டேப் வழுக்கிவிடும். அளவான லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) வைத்து கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கிப் பிடிக்கவைத்து), உள்ளே பசை உள்ள ஹீட் ஸ்லீவ் போடுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் உறுதி என்று நினைப்பவர்கள் உண்டு. ஈயம் ஊறிய இடத்தின் விளிம்பில் வயர் விறைத்துப்போய், அதிர்வில் அங்கேதான் ஒடியும். தகட்டுத் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் கட்டாயம். சீட் தண்டவாளம், நகரும் கதவின் பாதை, இரண்டையும் தவிர்த்து வயரைக் கொண்டுபோங்கள்.

ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை, கம்ப்ரஸர் இல்லாத மலிவு வகை நான்கைந்து ஆம்பியரை விடாமல் இழுக்கும். கொடைக்கானலில் எட்டு மணி நேரம் நிறுத்தினால் 36 ஆம்பியர் அவர் காலி, காலையில் வண்டி தள்ள வேண்டியதுதான். கம்ப்ரஸர் வகை விட்டுவிட்டு ஓடுவதால் பரவாயில்லை. இரவில் ஓடியே ஆக வேண்டும் என்றால் இரண்டாவது பேட்டரி வைத்து, 13.3 வோல்ட்டில் சேர்ந்து 12.8-ல் பிரியும் வோல்டேஜ் ரிலேயைப் போடுங்கள். அந்த இரண்டாவது லித்தியம் என்றால் வெறும் ரிலே போதாது, டிசி-டிசி சார்ஜர் தேவை. இல்லையென்றால் டைனமோ வெந்துவிடும்.

ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்பும் 100 வாட் பல்பும் வேண்டாம். முதலாவது ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் வெளிச்சத்தைச் சிதறடித்து எதிரில் வருபவர் கண்ணைப் பறிக்கும், வத்தலக்குண்டு தாண்டிய மலை வளைவில் அது ஆபத்து. இரண்டாவது ஹோல்டரை உருக்கும். முதலில் பல்பின் பின்னால் வோல்ட் அளந்து பாருங்கள். ஹாலஜனில் 13.2-க்குப் பதில் 12 வந்தால் வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அதே 60/55 வாட் எச்4 பல்புக்கு ரிலே வைத்து 2.5 ஸ்கொயரில் நேரடி லைன் கொடுத்தாலே வித்தியாசம் தெரியும். ஒரு எச்சரிக்கை: பல டொயோட்டாக்களில் ஹெட்லைட் ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், பொது முனையில் பாசிட்டிவ் வரும். கடையில் விற்கும் ரிலே செட் இதற்கு நேர்மாறாகச் செய்யப்பட்டது. பிளக்கைக் கழற்றி, லைட் போட்டு, எந்த முனையில் 12 வோல்ட் என்று பார்த்துவிட்டே செட் வாங்குங்கள்.

கை வைக்கக் கூடாதவை: மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்கள். அதன் பக்கம் வேலை இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி 90 வினாடி காத்திருக்க வேண்டும். இன்ஜெக்டர் வயர்கள்: எஞ்சின் ஓடும்போது அதில் 12-ஐவிடப் பல மடங்கு வோல்ட் வரும். கம்ப்யூட்டர் வயர்களில் பல்பு வைத்த டெஸ்டர் வேண்டாம், மீட்டர் மட்டும். அரசு விதிப்படி மாட்டிய ஏஐஎஸ்-140 டிராக்கரையும் கசிவுக்காகப் பிடுங்கிவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆறு சார்ஜரிலும் போன் மாட்டி, இரண்டு ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு, அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிடுங்கள். பிறகு ஃபியூஸ் ஹோல்டர், ரிலே, ஒவ்வொரு லக் என்று கையால் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு எங்கே இருக்கிறதோ அந்த கிரிம்பை வெட்டிப் புதிதாகப் போடுங்கள். அன்று இரவே கசிவை மறுபடி அளந்து, எண்ணை சர்வீஸ் நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.