ஒற்றை ஆளாக ஒரு வாசிப்புச் செயலி: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

கோபிச்செட்டிப்பாளையத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆறு வருடமாகத் தமிழ் மின்னூல் படிக்கும் சின்னச் செயலி ஒன்றை நடத்தி வருகிறேன். பகலில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள், பொழுது சாய்ந்த பிறகு இது. கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்றேன், நினைத்ததைவிட எச்சாகவே வந்துவிட்டது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நானும் ஒரு ரீடர் ஆப் செய்கிறேன். தேடலில் 'கொங்கு' என்று போட்டால் சில புத்தகத்தில் கிடைக்கிறது, சிலதில் கண்ணெதிரே இருந்தும் கிடைப்பதில்லை. ஏனுங்ணா?

இதில் நான் மூன்று வாரம் தொலைத்தேன், நீ தொலைக்க வேண்டாம். 'கொ'வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதி வைக்க முடியும். ககரத்துக்குப் பிறகு 'ொ' என்று ஒரே குறியாக வைக்கலாம், இல்லையென்றால் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியாக வைக்கலாம். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்ததை மாற்றி எடுத்த புத்தகங்களில் இந்தக் கலப்படம் அடிக்கடி வரும். புத்தகம் உள்ளே வரும்போதும் சரி, வாசகர் தேடும் சொல்லையும் சரி, என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யுனிகோடின் பொது வடிவத்துக்கு, மாற்றிவிடு. ஒரு வரி வேலைதான். கூடவே, வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய எழுத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளிகள் ஒளிந்திருக்கும், தேடும்போது அவற்றையும் கழித்துவிடு.

நிஜமான வில்லங்கம் இனிமேல்தான். 'கௌரவம்' என்பதைப் பலர் ககரம், கொம்பு, அப்புறம் ளகரம் என்று 'கெளரவம்' என அடித்து வைத்திருப்பார்கள். என்எஃப்சி இதைச் சரிசெய்யாது, ளகரம் உண்மையிலேயே வேறு எழுத்து. நான் பெரிய புத்திசாலி மாதிரி புத்தகங்களுக்குள்ளேயே எல்லா 'கெள'வையும் 'கௌ' ஆக்கிவிட்டேன். ரெண்டே நாளில் பவானியிலிருந்து ஒருவர் எழுதினார்: "ஏனுங்க, எங்க ஆத்துக் கெளுத்தி மீனை என்னங்க பண்ணுனீங்க?" ளகரம் போய்விட்டதால் உகரக் குறி ஒட்ட இடமில்லாமல் புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு விட்டதுதான், மூலத்தை நான் தொடுவதே இல்லை. தேடல் அட்டவணையில் மட்டும் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கோவை, ஓர் அக்கா: எழுத்தைப் பெரிதாக்கினால் படித்த இடம் தொலைந்துபோகிறது. முன்பு உங்கள் ஆப்பிலும் அப்படித்தான் இருந்தது, எப்படிச் சரி செய்தீர்கள்?

பக்க எண்ணைச் சேமித்து வைத்ததுதான் தப்பு அக்கா. எழுத்தின் அளவு மாறினால் 140ஆம் பக்கம் 190 ஆகிவிடும். இப்போது எந்த அத்தியாயம், அதில் எத்தனையாவது எழுத்து என்று குறித்து வைக்கிறேன். அதுவும் போதவில்லை. புத்தகத்தில் நாலு எழுத்துப்பிழை திருத்திப் புதுக் கோப்பு போட்டால் எண்ணிக்கை நகர்ந்துவிடும், அதனால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள ஏழெட்டுச் சொற்களையும் சேர்த்தே வைக்கிறேன். எண் பொருந்தாவிட்டால் சொல்லை வைத்துப் பிடித்துவிடலாம்.

போனில் பாதி, டேப்லட்டில் பாதி படிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. கருவியின் கடிகாரத்தை நம்பி "கடைசியாகப் படித்த இடம்" என்று முடிவு செய்தால், நேரம் தப்பாக வைத்த பழைய போன் ஒன்று அவருடைய மற்றக் கருவிகளையும் பின்னால் இழுத்துவிடும். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தைத்தான் பார்க்கிறேன். அப்போதும் தானாகத் தாவாமல், "இந்த இடத்துக்குப் போகட்டுமா?" என்று கேட்கிறேன்.

பொள்ளாச்சி, தமிழாசிரியை: வரிகளுக்கு நடுவே அகலமான ஓட்டைகள் விழுகின்றனவே?

இரண்டு ஓரத்தையும் நேராக்கப் பார்ப்பதால் வருவதுங்க டீச்சர். நம் மொழியில் சொல் நீளம், போன் திரை குறுகல். ஒரு வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும் என்றால் மிச்ச இடமெல்லாம் சொற்களுக்கு நடுவேதான் போகும். இடது ஓரத்தை மட்டும் நேராக வைப்பதே இயல்பான அமைப்பு என்று மாற்றினேன், திட்டியவர்களும் உண்டு. அச்சுப் புத்தகம் போலத்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சொல்லை உடைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் மெய்யையும் அதன் புள்ளியையும், எழுத்தையும் அதன் கொம்பையும் பிரிக்காமல் உடைக்க வேண்டும். வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். எழுத்துருவுக்குக் காசு தேவையில்லை. நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன.

ஈரோடு, மஞ்சள் மண்டி வைத்திருப்பவர்: தம்பி, இதில் காசு வருதா?

சோறு போடாதுங்க, டீச்செலவுக்கு ஆகும். கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளில் வருடா வருடம் 99 டாலர். விற்பனையில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் 2021இல் சிறு ஆட்களுக்கு 15 ஆக்கினார்கள், ஆப்பிளில் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சர்வர் செலவு பயந்த அளவுக்கு இல்லை. எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் போனாலும், மின்னூலுக்கான ஈபப் என்பது சுருக்கிய ஜிப் கோப்புதானே? நிறையப் புத்தகங்களில் உள்ளே இருக்கும் கதையைவிட அட்டைப்படம்தான் கனம். அட்டையைச் சின்னதாக்கினேன், பில் தானாக இறங்கியது.

விளம்பரம் போடச் சொல்லி நாலு பேர் சொல்லிவிட்டார்கள். கதையில் ஒருவர் சாகக் கிடக்கிறபோது குறுக்கே ரம்மி விளையாடக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

பல்லடம்: பழைய நாவல்களை எல்லாம் ஏற்றலாமா?

எல்லாவற்றையும் முடியாது. 1957ஆம் வருட இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம் உரிமை இருக்கும். 1960இல் இறந்தவர் எழுத்து 2020 டிசம்பரோடு பொதுவுக்கு வந்துவிட்டது. அரசு நாட்டுடைமை ஆக்கியவை தனி வரிசை, பாரதியாருக்கு 1949இல் செய்தது அதில் முதல். பலரும் சறுக்குவது மொழிபெயர்ப்பில்தான், மூல ஆசிரியர் இறந்து நூறு வருடமாகியிருந்தாலும் மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரைக்கும் அப்படித்தான். 1998இலிருந்து நடக்கும் மதுரைத் திட்டத்தின் கோப்புகளை எடுத்தால் அவர்களுடைய தலைப்புப் பக்கத்தை வெட்டாமல் அப்படியே வையுங்கள், அதுதான் அவர்கள் கேட்பது.

அவிநாசி: இருட்டுத் திரை எப்போது வரும்?

இருக்குங்க. மேலே நிலா மாதிரி ஒன்று இருக்கிறது பாருங்கள்.

சத்தியமங்கலம், ஒரு தங்கச்சி: ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டினால் என்ன செய்வீங்கண்ணா?

முதலில் பேக்கரிக்குப் போய் ஒரு டீ. வந்து பார்த்தால் பாதி சமயம் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஓர் ஆடிப் பதினெட்டுக்கு முந்தின ராத்திரி அவசரமாகப் புதுப் பதிப்பை எல்லாருக்கும் தள்ளிவிட்டேன். தரவுத்தள அமைப்பை மாற்றிய இடத்தில் என் தப்பு, பழைய போன்களில் வாசகர்கள் எழுதி வைத்த குறிப்பெல்லாம் காணாமல் போயிற்று. ஊரே ஆற்றுக்குப் போயிருக்க நான் மாடியில் மன்னிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது எந்த மாற்றமானாலும் பழைய தரவுக்கு நகல் எடுத்துவிட்டுத்தான் கை வைப்பேன். பிளேயில் முதலில் 5 சதவீதம் பேருக்கு மட்டும் விட்டு ரெண்டு நாள் பொறுப்பேன், கெட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆப்பிளில் அதுவே ஏழு நாளாகப் பிரித்துத் தரும்.

தாராபுரம்: எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கில் உங்கள் ஆப்பின் பொத்தான்கள் பேசுகின்றன, பக்கம் மட்டும் பேசுவதில்லை.

தப்பு என்னுடையது ஐயா. பக்கம் திருப்புவது அழகாக இருக்கட்டும் என்று பக்கத்தைப் படமாக வரைந்து காட்டினேன், படத்தில் படிக்க டாக்பேக்குக்கு எழுத்தே இல்லை. அந்த அழகைத் தூக்கிவிட்டு நிஜ எழுத்தாகவே காட்டும் வேலை நடக்கிறது. வேறு எதுவும் இதற்கு முன்னால் வராது. முடிந்ததும் முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கரூர்: நாளைக்கு நீங்கள் மூடிவிட்டால் என் குறிப்புகள் என்னாகும்?

அமைப்புகளுக்குள் கடைசியில் 'எல்லாவற்றையும் எடுத்துக்கொள்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் உங்கள் புத்தகங்கள் ஈபப்பாகவும், குறிப்புகள் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் போனில் இறங்கும். அதைப் படிக்க என் செயலி வேண்டியதில்லை. இன்றைக்கே ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், வேலை செய்யாவிட்டால் எனக்கு எழுதுங்கள்.