இயங்குதளம் போன பின்னும் போகாத பூட் மெனு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்திருந்து ஒன்றை நீக்கிவிட்ட பிறகும், 'எது வேண்டும்' என்று கேட்கும் பட்டியல் மட்டும் விடாமல் வந்து நிற்கிறது. இதற்குக் காரணம் எளியது. அந்தப் பட்டியல் பெரும்பாலும் நீங்கள் அழித்த பகிர்வில் (பார்ட்டிஷன், அதாவது வட்டில் தனியாகப் பிரித்த பகுதி) இருப்பதில்லை. வட்டின் தொடக்கத்திலோ, தனியான சிறு பகிர்வு ஒன்றிலோ, தாய்ப்பலகையின் நினைவகத்திலோ இருக்கிறது. ஆகவே எதையும் அழிக்கும் முன், பட்டியலைத் திரையில் வரைவது யார் என்று கண்டுகொள்ள வேண்டும். நீலப் பின்னணியில் பெரிய கட்டங்களாக வந்தால் அது விண்டோஸ் 8 முதல் வழக்கத்திலுள்ள விண்டோஸ் பூட் மேனேஜர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அதே பெயர் தலைப்பாக வந்தால் அது விண்டோஸ் 7 காலத்து உருவம். மேல்விளிம்பில் 'க்னூ கிரப்' என்ற பெயரும் பதிப்பு எண்ணும் தெரிந்தால் அது லினக்ஸ் விட்டுச்சென்ற தொடக்க நிரல். ஒரு விசையை அழுத்தினால் மட்டும் தோன்றுவது தாய்ப்பலகையின் சொந்தப் பட்டியல்.

கேள்வி: இரண்டு பகிர்வுகளில் இரண்டு விண்டோஸ் 10 வைத்திருந்தேன். பழையது இருந்த பகிர்வை ஃபார்மட் செய்துவிட்டேன். ஆனாலும் நீலத் திரையில் இரண்டு பெயர்களும் வருகின்றன. 30 விநாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பதில்: விண்டோஸ் விஸ்டாவுக்கு முன்பு இந்தப் பட்டியல் ஒரு சாதாரண உரைக்கோப்பில் இருந்தது, நோட்பேடில் திறந்து ஒரு வரியை அழித்தால் வேலை முடிந்தது. விஸ்டா முதல் அது பிசிடி எனப்படும் தரவுத்தொகுப்புக்கு மாறிவிட்டதால், அதற்கென உள்ள கருவி வழியாகத்தான் கை வைக்க வேண்டும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளை (எம்எஸ்கான்ஃபிக்) இடைவெளியின்றித் தட்டி என்டர் கொடுங்கள். திறக்கும் சாளரத்தில் 'பூட்' என்ற தாவலைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வரிகள் தெரியும். இரண்டிலும் பெயர் ஒன்றாகவே இருக்கும் என்பதால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வரியின் கடைசியைப் பாருங்கள். 'கரண்ட் ஓஎஸ்' என்று முடிவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ். அதைத் தொடக் கூடாது. 'டிஃபால்ட் ஓஎஸ்' என்ற குறிப்பு அழிந்துபோன விண்டோஸின் வரியில் இருந்தால், முதலில் ஓடும் விண்டோஸைத் தேர்ந்தெடுத்து 'செட் ஆஸ் டிஃபால்ட்' கொடுத்துவிட்டு, பிறகு மற்றதைத் தேர்ந்தெடுத்து 'டெலீட்' கொடுங்கள். தவறிப்போய் ஓடும் விண்டோஸையே அழித்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால் டெலீட் பொத்தானே மங்கிவிடும். பட்டியலில் ஒரே பெயர் எஞ்சியதும் தேர்வுத் திரை தானாகவே வராமல் போய்விடும். இது பட்டியலின் பதிவை மட்டுமே நீக்குகிறது, கோப்புகளை அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: காத்திருக்கும் நேரத்தைச் சுழியம் ஆக்கிவிட்டால் போதாதா?

பதில்: போதும், ஆனால் இயல்பாகத் தொடங்கும் பதிவு உயிரோடு இருக்கும் விண்டோஸா என்று உறுதிசெய்துகொண்ட பிறகு மட்டும். செத்துப்போன பதிவு இயல்பானதாக இருக்கும் நிலையில் நேரத்தைச் சுழியமாக்கினால், தேர்ந்தெடுக்க அவகாசமே இல்லாமல் நேராகப் பிழைத்திரைக்குப் போய் நிற்பீர்கள். பதிவை நீக்க முடியும்போது அதை மறைத்துவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: உபுண்டு லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் மூலம் அதன் பகிர்வை நீக்கினேன். மறுதொடக்கம் செய்ததும் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொற்கள் மட்டும் வருகின்றன. விண்டோஸ் போய்விட்டதா?

பதில்: விண்டோஸ் எங்கும் போகவில்லை. கிரப்பின் முதல் துண்டு இன்னும் தன் இடத்தில் இருக்கிறது. அது தேடும் மற்ற கோப்புகள் நீங்கள் நீக்கிய பகிர்வில் இருந்தன. 'அப்படி ஒரு பகிர்வு இல்லை' என்ற பிழையைச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. ஒருமுறை நானும் இதே அவசரத்தில் பகிர்வை முதலில் நீக்கிவிட்டு, கையில் நிறுவல் பென்டிரைவ் இல்லாமல் ஒரு மாலைப்பொழுது முழுவதும் அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருக்கிறேன். விண்டோஸை முதல் இடத்துக்குக் கொண்டுவந்து, அது கிரப்பின் உதவியில்லாமல் எழுவதைப் பார்த்த பிறகே லினக்ஸ் பகிர்வைத் தொட வேண்டும் என்ற வரிசை அன்றைக்குத்தான் மனத்தில் பதிந்தது.

இப்போது செய்ய வேண்டியது உங்கள் கணினி எந்த முறையில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. யுஇஎஃப்ஐ முறை (புதிய கணினிகளில் தாய்ப்பலகையே தொடக்கக் கோப்பைத் தேடி இயக்கும் முறை) என்றால் பென்டிரைவே தேவைப்படாமல் போகலாம். கணினியை இயக்கியவுடன் அதன் பூட் விசையை அழுத்துங்கள். எஃப்12, எஃப்11, எஃப்8, எஸ்கேப் ஆகியவற்றுள் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வரும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற பெயர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். பிறகு தாய்ப்பலகையின் அமைப்புத் திரையில் அதையே முதலிடத்துக்கு நகர்த்திச் சேமியுங்கள். எஞ்சிய குப்பையை அகற்றும் வழி அடுத்த கேள்வியின் பதிலில் இருக்கிறது.

பழைய பயாஸ் முறை என்றால் வட்டின் முதல் 512 பைட்டுகளில்தான் சிக்கல். அதில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் பகிர்வு அட்டவணைக்கும், கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை. கிரப் அமர்ந்திருப்பது முதல் பகுதியில். விண்டோஸ் நிறுவல் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாகக் கட்டளைச் சாளரத்துக்குச் சென்று, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற தெரிவுடன் இயக்குங்கள். அது நிரல் பகுதியை மட்டும் விண்டோஸுக்குரியதாக மாற்றி எழுதும். பகிர்வு அட்டவணையைத் தொடாது என்பதால் தரவுக்கு ஆபத்தில்லை. அதன் பிறகும் இயங்குதளம் இல்லை என்று திரை சொன்னால், விண்டோஸின் தொடக்கப் பகிர்வு 'ஆக்டிவ்' என்று குறிக்கப்படாமல் இருக்கக்கூடும். டிஸ்க்பார்ட் கருவியில் அந்தப் பகிர்வைத் தேர்ந்தெடுத்து அப்படிக் குறிக்கலாம். இதே ஃபிக்ஸ்எம்பிஆரை யுஇஎஃப்ஐ கணினியில் எத்தனை முறை ஓட்டினாலும் பயன் இராது. அங்கே தொடக்கம் அந்த 446 பைட்டுகளின் வழியாக நடப்பதே இல்லை.

கேள்வி: விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கிறது. ஆனால் தாய்ப்பலகையின் பூட் பட்டியலில் 'உபுண்டு' என்ற பெயர் இன்னும் இருக்கிறது. எம்எஸ்கான்ஃபிக்கில் தேடினால் அது இல்லை.

பதில்: அங்கே இருக்காது, எம்எஸ்கான்ஃபிக் காட்டுவது விண்டோஸ் பூட் மேனேஜரின் பட்டியலை மட்டுமே. நீங்கள் பார்ப்பது தாய்ப்பலகையின் பட்டியல். யுஇஎஃப்ஐ கணினியில் எச்சம் இரண்டு இடங்களில் தங்குகிறது: இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறு பகிர்வில் ஒரு கோப்புறையாகவும், தாய்ப்பலகையின் அழியா நினைவகத்தில் ஒரு பதிவாகவும். ஒன்றை மட்டும் அழித்தால் பெயர் எஞ்சியிருக்கலாம், சில கணினிகளில் திரும்பியும் வரலாம்.

முதலில் கோப்புறை. அந்தப் பகிர்வு ஃபேட்32 வடிவத்தில், பெரும்பாலும் 100 மெகாபைட் அளவில் இருக்கும். அதற்கு டிரைவ் எழுத்து கிடையாது. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, மவுண்ட்வால் கட்டளைக்குப் பின் எஸ் எழுத்தும் முக்காற்புள்ளியும் இட்டு, ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடும் எஸ்-உம் தட்டினால் அது எஸ் டிரைவாகத் தோன்றும். எக்ஸ்ப்ளோரரில் திறக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படும். ஆகவே கட்டளைச் சாளரத்திலேயே உள்ளே சென்று, இஎஃப்ஐ கோப்புறையில் உள்ளவற்றைப் பட்டியலிட்டுப் பாருங்கள். வழக்கமாக மூன்று பெயர்கள் இருக்கும்: மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு. கணினித் தயாரிப்பாளர் பெயரில் நான்காவதாக ஒன்றும் இருக்கலாம். அகற்ற வேண்டியது உபுண்டு மட்டும். ஆர்டி கட்டளையைச் சாய்கோட்டு எஸ்-உடன் அந்தப் பெயருக்கு முன் இட்டால், உறுதியா என்று ஒருமுறை கேட்டுவிட்டு நீக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் தட்டிய பெயரை மீண்டும் ஒருமுறை படியுங்கள்; இந்தப் பகிர்வில் குப்பைத்தொட்டி கிடையாது.

அடுத்து நினைவகப் பதிவு. பிசிடிஎடிட் கருவியில் எக்ஸ்போர்ட் தெரிவைப் பயன்படுத்தித் தொகுப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, ஈனம் (இ, என், யு, எம்) ஃபர்ம்வேர் என்ற தெரிவுகளுடன் அதை இயக்கினால் தாய்ப்பலகைப் பதிவுகள் ஒவ்வொன்றாக வரும். விளக்க வரியில் உபுண்டு என்றிருக்கும் பதிவுக்குச் சற்று மேலே, நெளி அடைப்புக்குறிக்குள் நீண்ட அடையாளக் குறி ஒன்று இருக்கும். அதை அடைப்புக்குறியோடு சேர்த்து நகலெடுத்து, டெலீட் தெரிவுக்குப் பின் ஒட்டுங்கள். அதே பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜருக்கும் ஒரு பதிவு இருக்கும். அது உங்கள் வீட்டு வாசற்படி, அதில் கை வைக்காதீர்கள். கடைசியாக, பிசிடிபூட் கட்டளையை விண்டோஸ் கோப்புறையின் பாதையுடன் ஒருமுறை இயக்கிவிடுவது என் வழக்கம். அது தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதி, விண்டோஸை வரிசையின் முன்னால் நிறுத்தும்.

கேள்வி: மேற்சொன்ன மாற்றங்களைச் செய்த பிறகு 48 இலக்க எண் ஒன்றைக் கணினி கேட்கிறது.

பதில்: அது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியின் மீட்புக் குறி. கணினி தொடங்கும் பாதையில் மாற்றம் தெரிந்ததும், வேறு யாரோ வட்டைத் திறக்க முயல்வதாக அது கருதுகிறது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் குறி சேமிக்கப்பட்டிருந்தால் வேறொரு கருவியிலிருந்து பார்த்து உள்ளிடலாம். இன்னும் வேலையைத் தொடங்காதவர்கள், முதலில் அந்தக் குறியைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்த பிறகு தொடங்கவும்.

கேள்வி: நான் நேர்மாறாகச் செய்தேன். விண்டோஸை நீக்கி லினக்ஸை மட்டும் வைத்துக்கொண்டேன். அப்டேட் கிரப் கட்டளையை இயக்கிய பிறகும் விண்டோஸ் பெயர் பட்டியலில் வருகிறது.

பதில்: மற்ற இயங்குதளங்களைக் கிரப்புக்காகத் தேடித் தருவது ஓஎஸ்-புரோபர் என்ற சிறு நிரல். அது விண்டோஸ் பகிர்வு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், இஎஃப்ஐ பகிர்வில் மைக்ரோசாஃப்ட் கோப்புறை இருந்தாலே விண்டோஸ் இருப்பதாக எழுதிவிடும். நீங்கள் பெரிய பகிர்வை நீக்கிவிட்டு இந்தச் சிறு கோப்புறையை விட்டிருப்பீர்கள். அதை நீக்கிவிட்டு அப்டேட் கிரப்பை மறுபடி இயக்குங்கள். ஃபெடோரா லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு அதே வேலையைச் செய்வது கிரப்2-எம்கேகான்ஃபிக். தாய்ப்பலகைப் பதிவை இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கருவியால் நீக்கலாம்: பட்டியலில் விண்டோஸுக்குரிய நான்கு இலக்க எண்ணைச் சிறிய பி தெரிவுடன் கொடுத்து, அதன் பின் பெரிய பி-யைச் சேர்க்க வேண்டும். கிரப்பின் பட்டியல் கோப்பைத் திறந்து கையாலேயே வரியை அழிக்கலாமே என்று தோன்றும். லினக்ஸின் மையக்கருவான கெர்னலின் அடுத்த புதுப்பிப்பில் அது மறுபடி எழுதப்பட்டு, உங்கள் உழைப்பு வீணாகும்.

கேள்வி: பழைய விண்டோஸ் இருந்த வட்டையே கழற்றிவிட்டேன். இப்போது புதிய எஸ்எஸ்டியில் உள்ள விண்டோஸும் தொடங்கவில்லை.

பதில்: புதிய விண்டோஸை நிறுவியபோது பழைய வட்டும் இணைப்பில் இருந்திருக்கும். ஏற்கனவே ஓர் இஎஃப்ஐ பகிர்வு இருப்பதைக் கண்ட நிறுவல் நிரல், தொடக்கக் கோப்புகளை அதிலேயே போட்டுவிட்டது. வட்டைத் திரும்ப மாட்டுங்கள், கணினி எழுந்துவிடும். டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஆனால் அங்கே பெயர்கள் தலைகீழானவை என்று எச்சரிக்க வேண்டும்: தொடக்கக் கோப்புகள் உள்ள பகிர்வுக்கு 'சிஸ்டம்' என்றும், விண்டோஸ் உள்ள பகிர்வுக்கு 'பூட்' என்றும் மைக்ரோசாஃப்ட் பெயர் வைத்திருக்கிறது. இதில் குழம்பாதவர்களை நான் பார்த்ததில்லை. எஸ்எஸ்டி ஜிபிடி (யுஇஎஃப்ஐ முறைக்குரிய பகிர்வு அட்டவணை) வடிவத்தில் இருந்தால், சி பகிர்வைச் சில நூறு மெகாபைட் சுருக்கி, அந்த இடத்தில் டிஸ்க்பார்ட் மூலம் புதிய இஎஃப்ஐ பகிர்வு ஒன்றை உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, எழுத்து ஒன்றைக் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையில் அந்த எழுத்தைக் குறிப்பிட்டு இயக்குங்கள். பிறகு கணினியை அணைத்து, பழைய வட்டின் இணைப்பை மட்டும் எடுத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். எழுந்தால்தான் அந்த வட்டை ஃபார்மட் செய்யலாம்.

கேள்வி: லினக்ஸ் இருந்த இடம் காலியாகக் காட்டப்படுகிறது, ஆனால் சி பகிர்வோடு சேர்க்க முடியவில்லை. 'எக்ஸ்டென்ட் வால்யூம்' மங்கலாக இருக்கிறது.

பதில்: காலியிடம் சி பகிர்வுக்கு வலப்புறம் ஒட்டியே இருந்தால்தான் அந்தக் கட்டளை வேலை செய்யும். இடையில் மீட்புப் பகிர்வு ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். அதை நகர்த்துவது டிஸ்க் மேனேஜ்மென்டால் ஆகாது. ஜிபார்ட்டெட் போன்ற கருவியைப் பென்டிரைவிலிருந்து இயக்க வேண்டும். அவ்வளவு மெனக்கெட விருப்பமில்லை என்றால், காலியிடத்தைப் புதிய டிரைவாக உருவாக்கிப் படங்களையும் ஆவணங்களையும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.