மேடையில் வரி மறக்கும் தேவகோட்டைத் தம்பிக்கு

தம்பி, கல்லூரிப் பேச்சுப் போட்டியில் நடுவில் வரி மறந்து நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தினமும் கண்ணை மூடிக் கைதட்டல் வாங்குவதாக நினைத்தும் பலனில்லை, பிடித்த பேச்சாளர் மாதிரியே பேசினால் நண்பர்கள் சிரிக்கிறார்கள் என்பதையும் படித்தேன். மனசு கஷ்டமாகிவிட்டது.

கைதட்டலை நினைப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான். மறக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தவறு நேர்வதையும் சேர்த்தே மனதில் ஓட்டிப் பழகியவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் அவருடைய கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து எதிரே ஒன்றும் தெரியவில்லை. கைவீச்சை எண்ணிக்கொண்டே போய் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். நீங்களும் வரி போன அடுத்த நொடியை ஓட்டுங்கள்: ஒரு மூச்சு, ஒரு வாய் தண்ணீர், அடுத்த பத்தியின் முதல் சொல்.

படுத்துக்கொண்டு வேண்டாம். போட்டிக்குப் போடும் சட்டையோடு, வளவுப் பட்டாலையில், அதாவது வீட்டு உள்முற்றத்தை ஒட்டிய கூடத்தில், நின்று செய்யுங்கள். அப்புறம் ஆச்சியை எதிரே உட்காரவைத்து வாய்விட்டுப் பேசுங்கள். மனதுக்குள் ஓட்டுவது மட்டும் போதாது.

ஒருவரைப் பார்த்துச் செய்வது தப்பே இல்லை. அவர் குரலை மட்டும் அப்படியே பின்பற்றாதீர்கள். காரைக்குடியில் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிறதே, அதன் விழாவுக்கு ஒருமுறை போய் உட்காருங்கள். ஒரே பேச்சாளரைக் கவனித்து, எந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்த போட்டி எப்போது? மறக்கும் அந்தப் பத்தியை அப்படியே இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.