மாடித் தோட்டம்: உங்கள் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: பொங்கல் கழிந்து மொட்டை மாடியில் நாட்டுத் தக்காளி விதைத்தேன். செடி தளதளவென்று வளர்ந்தது. ஏப்ரலில் பூத்த பூவெல்லாம் காம்போடு உதிர்ந்துவிட்டது. விதை சரியில்லையா? அடுத்த கோடைக்கு எந்த விதை வாங்கலாம்?
– வாசகி, வேளச்சேரி

பதில்: விதையைக் குறை சொல்லாதீர்கள், இரவுப் புழுக்கம் செய்த வேலை அது. பகலில் 35 டிகிரியும் இரவில் 24 டிகிரியும் தாண்டினால் தக்காளிப் பூவின் மகரந்தம் வீரியம் இழக்கும். சூல் பிடிக்காது, பூ கொட்டும். சென்னையில் ஏப்ரல் இரவே ஏறக்குறைய 26 டிகிரி. உரம் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது.

அதனால் முதலில் நாளைப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் குழித்தட்டில் விதைத்து, 25 நாள் நாற்றைத் தொட்டிக்கு மாற்றினால் பிப்ரவரி இறுதியில் பூக்கும். கத்திரி வெயிலுக்குள் பெரும்பகுதி பறித்துவிடலாம்.

அடுத்தது விதை. 'பிராண்டிவைன்' போன்ற வெளிநாட்டுப் பாரம்பரிய ரகங்களின் பழம் பெரிது, பழுக்க நாளும் அதிகம். நம் வெயிலில் காய் பிடிப்பது கடினம். உறையில் இருக்கும் படத்துக்கு மயங்க வேண்டாம். கொத்துக் கொத்தாகக் காய்க்கும் சிறுபழ ரகங்கள் வெப்பத்தை ஓரளவு தாங்கும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 இன்னொரு நல்ல தேர்வு. அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து வந்தது, வறட்சி தாங்கும். கறாராகச் சொன்னால் பாரம்பரிய ரகம் அல்ல. ஆனால் விதை எடுத்து மறுபடி விதைக்கலாம். உறையில் 'எஃப்1' என்றிருந்தால் கலப்பினம்; அதன் பழத்து விதை தாயைப் போல வராது.

பூக்கும்போது காலை 8 மணிவாக்கில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். மாடியில் தேனீ குறைவு. மகரந்தம் உதிர இது உதவும். மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். ஒருநாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளம் விட்டால் காயின் அடி கருகி அழுகும்: நீர் சீராக இல்லாததால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது.

கேள்வி: சொந்தமாக விதை எடுப்பது எப்படி?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: இலை சுருளாத, நோயில்லாத செடியில் நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, விதையைச் சாறோடு டம்ளரில் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் 2 நாள் போதும். அதற்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளைத்துவிடும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைக் கழுவி, பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். கடைத் தக்காளியில் எடுக்காதீர்கள், பெரும்பாலும் கலப்பினம்தான்.