முடி இருக்கட்டும், அந்த வாந்தியைப் பற்றிச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. நான்கு மாதத்துக்கு முன்பு எடை குறைய, வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 112 கிலோ இருந்தேன், இப்போது 91. ஆனால் மூன்று வாரமாக எடை அப்படியே நிற்கிறது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறது. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது, பிரஷர் மாத்திரையை மட்டும் விடாமல் போடுகிறேன். சில நாள் சாப்பிட்டது வாந்தியாகிவிடும். ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்த கோஆர்டினேட்டர், "வயிறு மறுபடி விரிய ஆரம்பித்துவிட்டது" என்கிறார். ஆறு தடவை வைட்டமின் டிரிப்ஸ், முடிக்கு பயோட்டின் கேப்ஸ்யூல், ஸ்பெஷல் புரோட்டீன் பவுடர் மூன்றும் சேர்த்து ஒரு பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார். ஆபரேஷன் தோற்றுவிட்டதா டாக்டர்? பேக்கேஜ் எடுக்கலாமா?

பதில்: தோற்கவில்லை. பேக்கேஜ் வேண்டாம். நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். ஆனால் நீங்கள் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி, அந்த வாந்தி, எனக்கு முடியைவிடப் பெரிய கவலை. அதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் தூக்கம் கெட்டுக் கேட்டவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

112 கிலோவில் 21 கிலோ குறைந்திருக்கிறது. அதாவது ஏறக்குறைய 19 சதவீதம், அதுவும் நான்கே மாதத்தில். ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஒரு வருடத்தில் மொத்த எடையில் கால் பங்கும் அதற்குச் சற்று மேலும் குறைவது வழக்கம். நீங்கள் சரியான பாதையில்தான் இருக்கிறீர்கள். எடை படிக்கட்டுப் போலத்தான் இறங்கும். நடுவில் இரண்டு மூன்று வாரம் ஒரே படியில் நிற்கும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே உடம்பில் தண்ணீர் கூடும், குறையும்; மாதவிடாய் நாட்களில் இன்னும் கூடும். எடை மெஷினுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. தினமும் மூன்று வேளை அதன் மேல் ஏறி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள், காலையில், ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். இடுப்பளவை மாதம் ஒரு முறை எடுத்து வையுங்கள். மெஷின் நகராத வாரங்களிலும் டேப் நகர்ந்திருக்கும்.

"வயிறு விரிந்துவிட்டது" என்பது பயமுறுத்துவதற்கென்றே வைத்திருக்கும் வாக்கியம். ஸ்லீவில் வயிற்றின் ஏறக்குறைய முக்கால் பாகத்தையும் அதற்குச் சற்று மேலும் வெட்டி எடுத்துவிடுகிறோம். எளிதில் விரிந்து கொடுக்கும் மேல்பகுதியும், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைச் சுரக்கும் பகுதியும் அதில் போய்விடும். மிச்சமிருக்கும் குழாய் போன்ற வயிறு வருடங்கள் போகப் போகக் கொஞ்சம் அகலமாகலாம். ஆனால் மூன்று வாரம் எடை நின்றதை வைத்து அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் எண்டோஸ்கோப்பியோ எக்ஸ்ரேயோ எடுத்துத்தான் பார்க்க வேண்டும். போனில் குரலைக் கேட்டு வயிற்றின் அளவு சொல்பவரிடம் கொஞ்சம் எட்டியே இருங்கள்.

அடுத்தது முடி. தலையில் உள்ள முடிகளில் பெரும்பகுதி வளரும் நிலையிலும், சிறுபகுதி ஓய்விலும் இருக்கும். பெரிய ஆபரேஷன், திடீர் எடைக் குறைவு, சாப்பாடு சுருங்குவது என்று உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உதிர இரண்டு மூன்று மாதம் ஆகும். இன்று உங்கள் சீப்பில் இருப்பது ஆபரேஷன் வாரத்தின் கணக்கு. பெரும்பாலும் மூன்றாவது மாதம் தொடங்கி ஆறு மாதம் வரை கொட்டிவிட்டு நிற்கும். வேர் சாகவில்லை, அதனால் திரும்ப முளைக்கும். ஆறு மாதம் தாண்டியும் கொட்டினாலோ, ஒரு வருடம் கழித்துப் புதிதாக ஆரம்பித்தாலோ, இரும்புச் சத்து, துத்தநாகம், புரதம் என்று குறை தேட வேண்டும்.

அந்தக் குறை பயோட்டினாக இருப்பது அபூர்வம். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் கேப்ஸ்யூலில் 5,000, 10,000 என்று இருக்கும். கூடுதலாகப் போட்டால் முடி கூடுதலாக வளராது. ஆனால் ஒரு வேண்டாத வேலையை அது செய்யும்: சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் திரித்துவிடும். தைராய்டு அளவு தப்பாக வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் டிரோபோனின் பரிசோதனை, இருக்கும் பாதிப்பை இல்லை என்று காட்டிவிடும். முடிக்காக விழுங்கிய மாத்திரை நெஞ்சுவலி அன்று டாக்டரை ஏமாற்றும். இதைச் சொல்லாமல் அதை உங்களிடம் விற்கிறார்கள்.

புரோட்டீன் வேண்டுமா என்றால், நிச்சயம் வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், 6 முதல் 7 கிராம். சாப்பிட உட்கார்ந்ததும் முதல் கவளம் புரதமாக இருக்க வேண்டும். பிறகு காய், இடமிருந்தால் மாவுச் சத்து. கணக்கு எட்டாவிட்டால் பவுடர் சேர்ப்பதில் தப்பில்லை. ஆனால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பலசமயம் 100 கிராமுக்கானது, நீங்கள் கலக்குவதோ 25 அல்லது 30 கிராம் ஸ்கூப். கலந்துள்ள பொருட்களின் வரிசையில் சர்க்கரையோ மால்டோடெக்ஸ்ட்ரினோ முதலில் நின்றால் அது மாவுச் சத்து பவுடர், அவ்வளவுதான். முடிக்கும் தோலுக்கும் நல்லது என்று கொலாஜன் பவுடரைத் தள்ளிவிடுவார்கள். அது முழுமையான புரதம் அல்ல. டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் இல்லவே இல்லை. 60 கிராம் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். "ஸ்பெஷல்" என்ற சொல்லுக்கு டப்பாவின் பின்பக்கத்தில் என்ன அர்த்தம் எழுதியிருக்கிறது என்று கோஆர்டினேட்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கோஆர்டினேட்டர் என்பவர் யார்? அவர் டாக்டர் அல்ல, நர்ஸ் அல்ல, டயட்டீஷியனும் அல்ல. ஆபரேஷனுக்கு முன்பு ஒரு நாளைக்கு நான்கு தடவை கூப்பிடுவார், அட்மிஷன் வரை கூடவே வருவார். பிறகு ஆளைக் காணோம். மூன்றாவது நான்காவது மாதத்தில், முடி கொட்டி எடை நிற்கும் காலம் பார்த்து, திரும்ப வருவார். அந்தக் காலம் அவருக்கும் தெரியும். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியவருக்கு இரண்டாவது வருமானம் அங்கேதான். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஆபரேஷன் முடிந்தவருக்கு 3, 6, 12 மாதங்களிலும் அதன் பிறகு ஆயுள் முழுக்க வருடம் ஒரு முறையும் பரிசோதனை வேண்டும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை ஆபரேஷன் செய்தோம் என்று போர்டு வைக்கும் மருத்துவமனைகளில், எத்தனை பேர் ஒரு வருடம் கழித்துத் திரும்ப வந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. ஆபரேஷனுக்குப் பணம் தரும் காப்பீடு, அதற்குப் பிறகான ரத்தப் பரிசோதனை என்றால் கையை விரித்துவிடும். சர்ஜன் தழும்பைப் பார்த்து "நன்றாக ஆறிவிட்டது" என்பார். குடும்ப டாக்டர் "சர்ஜனிடம் கேளுங்கள்" என்பார். இந்த இடைவெளியில்தான் பேக்கேஜ்காரர் கடை விரிக்கிறார்.

இனி வாந்தி. அதைத்தானம்மா நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

வேகமாகச் சாப்பிட்டு, பெரிய துண்டை மெல்லாமல் விழுங்கி, எப்போதாவது ஒரு நாள் வெளியே வந்தால் அது புது வயிற்றின் கண்டிப்பு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது முப்பது நிமிடம் கொடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள். முடித்து அரை மணி கழித்து, மடக்கு மடக்காக. இதிலேயே பலருக்குச் சரியாகிவிடும். திட உணவு ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, திரவம் மட்டும் இறங்கினால் குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி தேவை, பலூன் வைத்து விரித்துச் சரிசெய்யலாம். இன்னொன்று, உங்கள் வயதில் முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். எடை குறையும்போது கருமுட்டை வெளிவருவது சீராகி, எதிர்பாராமல் கரு தங்குவதுண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்லும் நாங்கள் கருத்தடை பற்றிப் பேசாமல் டிஸ்சார்ஜ் செய்கிறோம், அது வேறு கதை.

வாந்தி வாரக்கணக்கில் வந்தால்தான் நான் பயப்படும் விஷயம் ஆரம்பிக்கிறது. வைட்டமின் பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் சேர்ந்திருக்கும். பி1, அதாவது தயமின், அப்படி இல்லை. உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். குறைவாகச் சாப்பிட்டு, சாப்பிட்டதும் வெளியே போய், மாத்திரையும் வாந்தியோடு போனால் கையிருப்பு காலி. முதலில் கால் எரியும், மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சு குழம்பும். அதற்குப் பிறகும் சிகிச்சை கிடைக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகவே கெடலாம்.

இங்கேதான் டிரிப்ஸ் வருகிறது. குளுக்கோஸை எரிக்க உடம்புக்குத் தயமின் வேண்டும். தயமின் தீர்ந்த ஒருவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், ஒட்டிக்கொண்டிருந்த கடைசித் துளியும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். சோர்வாக இருக்கிறது, வாந்தியாக இருக்கிறது என்று போனவருக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது யாரும் யோசிக்காமல் செய்யும் காரியம். எடை குறைப்பு ஆபரேஷன் செய்து வாந்தி எடுக்கும் ஒருவருக்கு அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். பேக்கேஜ் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். "மல்டிவைட்டமின்" என்பார்கள். தயமின் எத்தனை மில்லிகிராம், எந்தத் திரவத்தில் கலக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராது. அதனால்தான் உங்கள் விஷயத்தில் அந்த டிரிப்ஸ் வீண்செலவு மட்டுமல்ல, ஆபத்து என்கிறேன்.

வாந்தி தினமும் வந்தாலோ, 24 மணி நேரம் தண்ணீர்கூட நிற்காவிட்டாலோ, கால் மரத்தாலோ, பார்வை இரட்டித்தாலோ அன்றே மருத்துவமனை போங்கள். அவசரப் பிரிவில் நீங்கள் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "எனக்கு வயிற்றைக் குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்திருக்கிறது. தொடர்ந்து வாந்தி இருக்கிறது. குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் ஊசி போடுங்கள்." வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் குழப்பம் வந்தபின் நீங்கள் சொல்ல முடியாது. தயமின் கொஞ்சம் கூடுதலாகப் போனால் சிறுநீரில் வெளியேறிவிடும். ரத்த முடிவு வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வாந்தி இப்போது இருக்கும் அளவிலேயே இருந்தாலும், இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் தயமின் மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

தலைசுற்றலுக்கு வருவோம். 112 கிலோ உடம்புக்கு எழுதிய பிரஷர் மாத்திரையை 91 கிலோ உடம்பு விழுங்கிக்கொண்டிருக்கிறது. எடை இறங்கினால் பிரஷரும் இறங்கும். மாத்திரை மட்டும் அப்படியே நின்றால் எழும்போது தலை சுற்றத்தான் செய்யும். உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு தடவை பிரஷர் பார்த்து, எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றும் விட வேண்டாம். கூடவே ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீர் உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம், இரும்பு, இவை ஆயுள் முழுக்க. கால்சியத்தில் சிட்ரேட் வகையாகக் கேளுங்கள், வயிற்று அமிலம் குறைந்திருந்தாலும் உடம்பில் சேரும். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடாதீர்கள், இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு இப்போதே போங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், அல்புமின், உப்புகள், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு. பயோட்டின் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தால் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, பரிசோதனைக் கூடத்திலும் அதைச் சொல்லுங்கள். கூடவே ஆபரேஷன் குறிப்பின் நகலை வாங்கி வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி அல்ல, ஆபரேஷன் தியேட்டரில் எழுதிய குறிப்பு. என்ன வகை ஆபரேஷன், எவ்வளவு விட்டுவைத்தார்கள், வேறு ஏதாவது சேர்த்துச் செய்தார்களா என்பது அதில்தான் இருக்கும். வேறு டாக்டரிடம் எண்டோஸ்கோப்பிக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார். கோஆர்டினேட்டரிடம் கேட்டால் "அனுப்புகிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள், பெற்றுக்கொண்டதாக முத்திரையும் வாங்குங்கள்.